ஆராய்ச்சி மணியின் கயிறு: சட்டம் எப்போது உரிமையாகிறது?

திருவாரூர்ப் பெரிய கோயிலை ஒட்டி ஒரு கல்தேர் நிற்கிறது. கமலாலயத்தையும் தியாகராஜரையும் பார்த்த அசதியில் வருகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. அது சொல்லும் கதையோ தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கிச் செத்துப்போகிறது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை இழுக்கிறது. மகனைத் தேர்க்காலில் இடச் சொல்கிறான் மனுநீதிச் சோழன். அதைச் செய்ய மனமில்லாத மந்திரி தன் உயிரை விடுகிறார். கடைசியில் மன்னனே தேரை ஓட்டுகிறான். (உத்தரவு ஒருபக்கம், அமலாக்கம் இன்னொரு பக்கம் என்பது நம் நிர்வாகத்தில் அன்றைக்கே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.)

என் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். மணிக்கயிறு மாட்டுக்கு எப்படி எட்டியது? அரண்மனை வாசல் என்றால் காவலுக்கு ஆள் இருந்திருக்குமே, அவர்கள் ஏன் விரட்டவில்லை? "கதையக் கேளுடா, கயித்தக் கேக்காத" என்பார் பாட்டி. சட்டம், மனித உரிமை, வளரும் நாடுகளின் அரசியல் என்று எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அதையெல்லாம் படிக்கப் படிக்க, அந்தக் கயிற்றைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மன்னனைப் பார்த்துவிடுவோம். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்றான் அவன். இன்றைய பேச்சில் இதற்குச் 'சட்டத்தின் ஆட்சி' என்று பெயர். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் பொருள். ஆனால் கதையில் இது நடப்பது மன்னன் நல்லவனாக இருப்பதால்தான். அடுத்து வருகிற ராஜா மணியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டால் பசு எங்கே போகும்? அரசர் நல்லவரோ கெட்டவரோ, மணியைக் கழற்ற அவரால் முடியாதபடி செய்துவைப்பதுதான் சட்டத்தின் ஆட்சி. அரசியல் சாசனம், சுதந்திரமான நீதிமன்றம், கேள்வி கேட்கும் பத்திரிகை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் எல்லாம் அதற்காகத்தான்.

அச்சு அசலாக இதைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்று உண்டு. சட்டத்தை வைத்துக்கொண்டு ஆள்வது. அங்கேயும் சட்டப் புத்தகம் இருக்கும், நீதிபதி இருப்பார், முத்திரை குத்திய காகிதம் இருக்கும். எல்லாம் மேலிருந்து கீழே அடிப்பதற்கு மட்டும். வெள்ளைக்காரன் நம்மை ஆண்டதும் சட்டப்படிதான். 1975 ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையும் சட்டப்படிதான். காரணம் சொல்லாமல் பிடித்து அடைத்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியுமா என்ற வழக்கில், முடியாது என்று 1976இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச். ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். நான்கு பேர் சொன்னது தவறு என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2017இல்.

இனிக் கயிற்றுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வரிசையாக நாடுகள் விடுதலை பெற்றன. எல்லோரும் அழகான சாசனங்களை எழுதிக்கொண்டார்கள். நல்ல சட்டத்தையும் நல்ல சட்டக் கல்லூரியையும் கொடுத்தால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று 1960களில் அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் நம்பினார்கள். பத்து வருடத்துக்குள் நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர்களில் இருவர், டேவிட் ட்ரூபெக்கும் மார்க் கலந்தரும், நாங்கள் நினைத்தது தப்பு என்று 1974இல் எழுதினார்கள். ஏட்டில் சட்டம் மாறினாலும் ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது மாறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று இங்கே எந்த அப்பத்தாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்தப் பழமொழியோடு நிறுத்திக்கொள்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏட்டில் இருந்த சுரைக்காய் சில சமயம் கறியாகியிருக்கிறது. எப்போது, யாரால் என்பதற்குக் காவிரி டெல்டாவைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வித்தியாசம் அது. பண்ணையார் தீபாவளிக்கு வேட்டி கொடுத்தால் சலுகை. கொடுக்காவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. உரிமை என்பது, தராதவரை இழுத்து வந்து 'ஏன் தரவில்லை' என்று கேட்க வைப்பது. 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அதற்கு 'நூறு நாள் வேலை' என்று பேர். சட்டம் சொன்னது என்ன? வேலை கேட்டு எழுதிக் கொடுங்கள், தேதி போட்ட ரசீது வாங்குங்கள், 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். அதாவது, கேட்டால் கொடுத்தாக வேண்டிய உரிமை. எங்கள் பக்கம் நடந்தது என்ன? "இந்த வாரம் வேலை விட்டிருக்காங்களாம்" என்று தகவல் வரும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். எழுதிக் கொடுத்தவர் அபூர்வம், ரசீது வாங்கியவர் அதைவிட அபூர்வம். ரசீது இல்லையென்றால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? சட்டம் உரிமையாகத்தான் புறப்பட்டது. ஊருக்கு வந்து சேர்வதற்குள் சலுகையாகிவிட்டது.

இனி டெல்டாவின் பழைய கதை. சொல்ல நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940கள் வரை கீழத்தஞ்சையில் நிலம் கோயில், மடம், பெரும் மிராசுதார்கள் கையில் குவிந்து கிடந்தது. நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் இரண்டு வகை. ஒருவர் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ளும் வாரத்துக்கோ பயிர் வைத்தவர். இன்னொருவர் பண்ணையாள். பண்ணையாளின் குடிசை நிற்கிற மண்ணும் பண்ணைக்குச் சொந்தம். பெரும்பாலும் தலித்துகள். சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வராவிட்டால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். அன்றைக்கும் இந்தியாவில் தண்டனைச் சட்டம் இருந்தது, அதன்படி ஒருவரை அடிப்பது குற்றம். காவல் நிலையமும் நீதிமன்றமும் இருந்தன. பண்ணையாள் ஒருவர் போய்ப் புகார் கொடுப்பது மட்டும் யாருடைய கற்பனைக்கும் எட்டாத காரியமாக இருந்தது. மணி இருந்தது, கயிறு இல்லை.

கயிற்றைத் திரித்தது சட்டமன்றம் அல்ல. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் 1940களில் தென்பரை, களப்பால் பக்கம் சேரி சேரியாக நடந்து விவசாயிகள் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்பதே அவர் சொன்னதாக இன்றும் ஊரில் சொல்கிற வாசகம். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டி வந்தது. இதைக் கவனியுங்கள். புதிய சட்டம் எதுவும் வரவில்லை. ஏற்கெனவே குற்றமாக இருந்த ஒன்றை, குற்றம் என்று சத்தமாகச் சொல்ல ஆள் கூடினார்கள், அவ்வளவுதான்.

அடுத்து வந்தது ஓட்டு. 1952இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமையோடு முதல் பொதுத்தேர்தல். சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தார்கள், தஞ்சை மாவட்டத்திலும் இடங்களைப் பிடித்தார்கள். முதலமைச்சரான ராஜாஜி கம்யூனிஸ்டுகளை விரோதியாக நினைத்தவர், அதை ஒளித்ததும் இல்லை. அவருடைய அரசுதான் அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 6 ஏக்கர் 67 சென்ட்டுக்கு மேல், வைத்திருக்கிற நிலக்காரருக்கு அது பொருந்தும். குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு பயிரிட்டவருக்கு. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது. அரசியல் வளர்ச்சி என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், கோட்பாட்டை எல்லாம் ஒதுக்கிவிட்டு இந்த 1952ஐத்தான் காட்டுவேன். பிடிக்காதவருடைய கோரிக்கையையும் சட்டமாக்க வேண்டிய நிலைமை ஆள்பவருக்கு வந்தது.

ஆனால் பாருங்கள், சட்டம் ஒரு வாசலை மூடினால் பணம் கொல்லைப்புறமாகப் போய்விடும். பண்ணையாளாக வைத்திருந்தால்தானே பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று பல பண்ணைகள் ஆட்களைக் கணக்குத் தீர்த்து, தினக்கூலியாக மாற்றின. சிலர் நிலத்தை மருமகன், மைத்துனன் பேரில் எழுதி ஒரு வேலிக்குக் கீழே இறங்கிக்கொண்டார்கள். 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அப்போதும் இதே கதைதான், பினாமிகளின் எண்ணிக்கை மட்டும் கூடியது. பண்ணையாள் என்ற சொல் வழக்கொழிந்துபோனதற்குச் சட்டமும் ஒரு காரணம். அந்த மனிதருக்கு அதனால் நிரந்தர வேலையும் போனது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான்.

பிறகு கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு. பசுமைப் புரட்சியின் தொடக்க ஆண்டுகள், மகசூல் ஏறியிருந்தது. கூலியில் கொஞ்சம் நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் தொழிலாளர்கள். அரைப்படி என்பதுதான் ஊர் நினைவில் நிற்கிற கணக்கு. சங்கத்தை விட்டுவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேருங்கள், செங்கொடியை இறக்குங்கள் என்றது நிலக்காரர் தரப்பு. அவர்கள் இறக்கவில்லை. அன்றிரவு அடியாட்கள் வந்தபோது ஒரு குடிசைக்குள் போய் ஒளிந்தவர்களைப் பூட்டிக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

விடுதலை கிடைத்து 21 ஆண்டுகள். அந்த 44 பேரில் வயது வந்தவர்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்காரர்களுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலச்சொந்தக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து தீர்ப்பில் இருந்தது. நீதிபதிகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கார் வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது, குடிசையில் இருந்தவர்கள் என்ன சாட்சி சொன்னார்கள் என்பது அதற்கு ஈடாக நிற்கவில்லை.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னது இதுதான். ஜனவரி 26 முதல் முரண்பாடான ஒரு வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம், அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் இருக்காது என்று எச்சரித்தார்.

வெண்மணிக்குப் பிறகு அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையே சொந்தமாயிற்று. இந்த இரண்டாவது சட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் டெல்டாவில் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். தான் குடியிருக்கிற மண் தனது என்று ஆனபிறகுதான், 'நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன்' என்று ஒருவரால் சொல்ல முடிந்தது. கூலி பேசுகிறவனுக்குக் காலடியில் நிலம் வேண்டும். மனை சொந்தமாவதை வீட்டுவசதித் திட்டம் என்று படித்தால் இதன் கனம் தெரியாது, பேச்சுரிமை என்று படித்தால் தெரியும்.

வெண்மணியை இத்தனை நீளமாகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளரும் நாடுகளைப் பற்றிய ஒரு பழைய பட்டிமன்றத்துக்கு அது விடை வைத்திருக்கிறது. முதலில் சோறா, சுதந்திரமா? மனித உரிமைகளை உலகம் முழுமைக்கும் 1948இல் அறிவித்தபோது எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. அதை நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக 1966இல் எழுதும்போது இரண்டாக வெட்டினார்கள். பேச்சு, ஓட்டு, நியாயமான விசாரணை ஒன்றில். உணவு, கூலி, கல்வி, மருத்துவம் இன்னொன்றில். அமெரிக்கா முதலாவதைத் தூக்கிப் பிடித்தது, சோவியத் இரண்டாவதை. இந்தியா 1979இல் இரண்டிலும் சேர்ந்தது. நம் சாசனத்திலும் இந்த வெட்டு உண்டு. மூன்றாம் பகுதியில் இருப்பவை நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய அடிப்படை உரிமைகள். நான்காம் பகுதியில் இருப்பவை அரசுக்கான வழிகாட்டல், கேட்டு வழக்குப் போட முடியாதவை.

ஏழை நாட்டுக்கு முதலில் ஒழுங்கும் வளர்ச்சியும்தான் தேவை, சுதந்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதத்துக்குப் பெயர்போனவர் சிங்கப்பூரின் லீ குவான் யூ. சிங்கப்பூர் வளரவில்லையா என்று கேட்பார்கள். வளர்ந்தது. அதே வாதத்தைச் சொல்லிக்கொண்டே மக்களைப் பட்டினி போட்ட சர்வாதிகாரிகளின் பட்டியல் அதைவிட நீளம். பொருளாதார அறிஞர் அமர்த்திய சென்னின் பதில் வேறு திசையிலிருந்து வருகிறது. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்றார். 1943இல் வெள்ளையர் ஆட்சியில் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர் மடிந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பற்றாக்குறை எத்தனையோ முறை வந்தது, அந்த அளவுச் சாவு வரவில்லை. பட்டினிச் செய்தி பத்திரிகையில் வந்தால் ஓட்டுக் கேட்டுப் போக முடியாதே!

வெண்மணியில் கேட்டது அரைப்படி நெல், அது சோறு. இறக்க மறுத்தது கொடி, அது சுதந்திரம். எதிரே நின்றவர்கள் கொடி இறங்கினால் நெல் கேட்கும் வாயும் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். முதலில் எது என்ற கேள்வி கருத்தரங்க மேடையில்தான் எழும். களத்துமேட்டில் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி. நீதிமன்றமும் மெல்ல அங்கே வந்து சேர்ந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது சாசனம் தடைசெய்த கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, நீதிமன்றத்தில் ஜெயித்தால் போதுமா? மேலே சொன்ன கலந்தர் இன்னொன்றையும் கவனித்தார். வழக்காடுபவர்களில் இரண்டு ரகம். அடிக்கடி வருகிறவர்: வங்கி, கம்பெனி, அரசுத் துறை, பெரிய நிலக்காரர். அவருக்கு வக்கீலைத் தெரியும், குமாஸ்தாவைத் தெரியும், தோற்றாலும் அடுத்த வழக்கு இருக்கிறது. ஆயுசில் ஒருமுறை வருகிறவருக்கு எல்லாமே புதுசு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். விதி எத்தனை நேர்மையாக இருந்தாலும், ஓட ஓட முன்னவர் கை ஓங்கிவிடும். இதில் கெட்டவர் ஒருவரும் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் கணிப்பின் கூர்மை.

நாகை, திருவாரூர்க் கடலோர இறால் பண்ணைகளின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1990களில் விளைநிலத்தையும் கடற்கரையையும் வெட்டி உப்புநீரை நிறுத்தினார்கள். பக்கத்து வயலும் கிணறும் உவர்த்துப்போயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற, பாரம்பரியமல்லாத இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு. மகத்தான வெற்றி. ஆனால் தொழில் ஓயவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஓர் ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தடையின் பல்லைப் பிடுங்கிவிட்டது. அடிக்கடி வருகிறவர் நீதிமன்றத்தில் தோற்றால் சட்டமன்றத்தின் கதவைத் தட்டுவார். அங்கேயும் அவருக்கு வழி தெரியும். அதே ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் உழுபவருக்கு நிலம் சேர்க்க 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம் வேறு வழியில் போனது. நிலக்காரரிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, கூலிக்காரப் பெண்கள் பேரில் நிலத்தை வாங்கிப் பதிந்து கொடுத்தது. உச்சவரம்புச் சட்டம் தரவேண்டியதைக் காசு கொடுத்து வாங்கியது சரியா என்று இடதுசாரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பட்டா கையில் வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை.

தீர்ப்பு மட்டும் சோறு போடாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் 1996 சாசனத்தில் வீட்டுரிமை எழுத்திலேயே உண்டு. குடிசைப் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண் வழக்குப் போட்டு 2000இல் ஜெயித்தார். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் அவர் பெயரில்தான் பாடம் நடத்துகிறார்கள். 2008இல் அவர் காலமானபோதும் குடிசையில்தான் இருந்தார், சொந்த வீடு வந்துசேரவில்லை.

மாநிலங்களுக்கே இந்த நிலைமை என்னும்போது தனி மனிதர் எம்மாத்திரம்! காவிரிக்கு நடுவர் மன்றம் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் போனது தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் சங்கம்தான், 1983இல். மன்றம் அமைந்தது 1990இல், இறுதித் தீர்ப்பு 2007இல், அது அரசிதழில் வந்தது 2013இல், கண்காணிக்க ஆணையம் வந்தது 2018இல். வழக்குப் போட்ட ஆண்டு பிறந்த பிள்ளைக்கு ஆணையம் வந்தபோது 35 வயது.

இன்றைய டெல்டாவில் இந்தக் கயிறு எங்கே அறுந்திருக்கிறது என்று கேட்டால் நான் அடங்கலைக் காட்டுவேன். எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. குத்தகைதாரரைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1955இல் வெளியேற்றத் தடை, 1956இல் நியாயக் குத்தகை. நிலக்காரருக்கு 40 விழுக்காடு என்று இருந்ததைப் பிறகு 25 ஆகக் குறைத்தார்கள். 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டம். ஏட்டைப் பார்த்தால் குத்தகைதாரர் ராஜா. ஊரிலோ ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சுக் குத்தகைதான் பெரும்பாலும். பேர் பதிந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம். பதியச் சொன்னால் அடுத்த சம்பாவுக்கு நிலம் கிடைக்காதே என்று குத்தகைக்காரருக்குப் பயம். ஆக, பாதுகாக்க வந்த சட்டமே எழுத்தை விரட்டிவிட்டது. வெள்ளம் வந்து பயிர் அழுகினால் நிவாரணம் யார் பேரில் போகும்? கொள்முதல் நிலையத்தில் யாருடைய சிட்டாவை நீட்டுவது? உழுதவர் நிலக்காரரின் தயவைத் தேடிப் போக வேண்டும். மறுபடியும் சலுகை.

மேற்கு வங்கத்திலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே 1978இல் அரசு ஒரு காரியம் செய்தது. வாரதாரர் அலுவலகத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதிகாரிகள் ஊருக்குள் போய், வேலை முடிந்த அந்தி நேரத்தில் முகாம் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் பேரைக் கேட்டு எழுதினார்கள். கூட்டத்தோடு நின்று சொல்லும்போது பயம் குறைந்தது. 14 லட்சம் பேருக்கு மேல் பதிவானார்கள். சட்டம் பெரும்பாலும் பழையதுதான். மணியைக் கயிற்றோடு சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடமும் சின்னச் சின்னக் கயிறுகள் உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் பெறலாம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தை வெறும் சடங்கு என்று நினைத்திருந்தோம். 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஊர் ஊராக கிராம சபைகளில் ஹைட்ரோகார்பன் (நிலத்தடி எண்ணெய், எரிவாயு) எடுக்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2020இல் டெல்டாவுக்கென்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதில் ஓட்டைகள் இருக்கின்றன, இருந்தாலும் வந்தது.

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போனால் மனு எழுதிக் கொடுப்பவர்கள் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். 'மனுநீதி நாள்' என்று அரசு தன் குறைகேட்பு முகாமுக்குப் பேர் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது, வைத்தவருக்குத் தெரிந்ததோ இல்லையோ. போன மாதம் நான் அங்கே நின்றபோது ஒரு பெரியவர் வந்தார். குத்தகை நிலம், மழையில் போன தாளடி, நிவாரணம் வரவில்லை.

"என்ன பெரியப்பா, போன தடவையும் இதே மனுதான எழுதுனோம்?" என்றார் எழுதுபவர்.

"குடுத்தேன் தம்பி. வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"ரசீது?"

பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். "அதெல்லாம் கேக்கலாமா?"

எழுதுபவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்க வாய்க்கால்ல இப்படி எத்தன பேரு?"

"ஏழெட்டுப் பேரு இருப்போம்."

"அடுத்த திங்கக்கிழம எட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரே மனுவா எழுதுவோம். எட்டு ரசீது வாங்குவோம்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மன்னார்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.